முருகைக்கல்லுக்கு எங்கிருந்து இந்த நிறம்?

யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்குப் போனவர்கள் அந்த மதில்களைப் பார்த்திருப்பார்கள். சாந்து பூசாமல் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள், வெயிலில் காய்ந்து சாம்பலும் வெள்ளையுமாக ஊர் முழுக்க ஓடும். கிட்டப் போனால் சில கற்களில் பூப்போட்ட மாதிரிக் குழிகள் தெரியும்; ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஒரு சின்ன விலங்கு இருந்து, இரவில் கைகளை நீட்டி இரை பிடித்துவிட்டு உள்ளே போயிருக்கிறது. அந்த இனத்து விலங்குகள்தான் இப்போது ஜேர்மனியில் என் வீட்டுக் கூடத்தில், 250 லீற்றர் கண்ணாடித் தொட்டியில், ஊதாவும் பச்சையும் ரோசாவுமாக நிற்கின்றன. வீட்டுக்கு வருகிற நம்மாட்களிடம் ‘இது முருகைக்கல்’ என்றால் சிரிக்கிறார்கள். கல்லுக்கு எங்கிருந்து இந்த நிறம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தொட்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே விளக்குக்கும் மருந்துப் போத்தலுக்கும் காசைக் கொட்டுகிறார்கள், நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் கொட்டினேன்.

பவளம் என்றதும் நமக்குச் சிவப்பு ஞாபகம் வரும். நவரத்தினத்தில் சேர்த்தி வைத்த அந்தப் பவளம் மத்தியதரைக் கடலில் வளர்வது. அதன் எலும்பே சிவப்பு, அதனால்தான் அறுத்து மணியாக உருட்டிக் கோர்த்தாலும் நிறம் அப்படியே இருக்கிறது. பாறை கட்டுகிற கல் முருகைகள் வேறு குடும்பம். இவற்றின் எலும்பு சுத்தச் சுண்ணாம்பு, வெள்ளை வெளேர். நிறம் முழுக்க அந்த எலும்பின்மேல் போர்த்தியிருக்கிற மெல்லிய சதையில்தான் இருக்கிறது. சதை போனால் நிறமும் போயிற்று, மிஞ்சுவது நெடுந்தீவு மதில். சதை உயிரோடு இருந்தாலும் அதன் நிறம் நிலையானதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் ஊதா மண்ணிறமாகும், மண்ணிறம் வெளிர்ப்பச்சையாகும், அப்புறம் திரும்பியும் வரும்.

ஏன் என்றால் அந்தச் சதைக்குள் இருப்பது ஒரு ஆள் இல்லை. விலங்கின் உயிரணுக்களுக்குள்ளே ஒற்றை உயிரணுப் பாசிகள் குடியிருக்கின்றன, ஒரு சதுர சென்ரிமீற்றரில் பத்து லட்சம் என்ற கணக்கில். வெளிச்சத்தை வைத்து அவை சர்க்கரை செய்கின்றன, செய்ததில் பெரும்பகுதியை, சில சமயம் பத்தில் ஒன்பது பங்கைக்கூட, விலங்குக்குக் கொடுத்துவிடுகின்றன. நம்மூரில் விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்குக் காணி எடுத்து விதைக்கிறவர்கள் கேட்டால் இப்படியும் ஒரு அநியாய வாரமா என்பார்கள். போதாக்குறைக்கு, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மன் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு, முருகைகள் இந்தப் பாசிகளைப் பயிர்போல வளர்த்து, கூடுதலாக வளர்ந்ததைச் சமிக்கவும் செய்கின்றன என்று காட்டியது. சர்க்கரையில் இல்லாத நைதரசனும் பொஸ்பரசும் அப்படித்தான் அவற்றுக்குக் கிடைக்கின்றன. வாரமும் வாங்கிக்கொண்டு வாரக்காரனையும் விழுங்குகிற காணிக்காரன்.

இந்தப் பாசிகளின் நிறம் மண்ணிறம். அவ்வளவுதான். முருகை தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் நீங்கள் பார்ப்பது பாசியை. ஊதா, ரோசா, நீலம், பளபளக்கும் பச்சை எல்லாம் விலங்கு தானாகச் செய்கிற புரதங்கள். அதில் இரண்டு வகை. ஒன்று நீல வெளிச்சத்தை வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி ஒளிரும். இன்னொன்று ஒளிராது, குறிப்பிட்ட நிறத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைக் காட்டும். அக்ரோபோரா என்கிற கிளை முருகையின் நுனியில் இருக்கிற ஊதா பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஒளிரும் புரதத்தை முதலில் ஜெல்லி மீனில் கண்டுபிடித்தவர் ஒசாமு ஷிமோமுரா, 1962இல். அதற்கான நோபல் பரிசு 2008இல் அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரொஜர் சியென் ஆகியோருக்கும் கிடைத்தது. எங்களுக்குப் பிடித்த கதை நடுவில் இருக்கிறது. ஜெல்லி மீனில் சிவப்பு இல்லை. 1999இல் மிக்கைல் மட்ஸும் சேர்கெய் லுக்யானொவும் சேர்ந்த மொஸ்கோக் குழு, தானாக ஒளி விடாத விலங்குகளிலும் இந்தப் புரதத்தின் உறவுகள் இருக்கும் என்று நினைத்து, கடலுக்குப் போகாமல் மீன் தொட்டிகளில் வளர்ந்த முருகைகளையும் அவற்றின் உறவினர்களையும் எடுத்துப் பார்த்தார்கள். இன்று உலகத்து ஆய்வுகூடங்கள் முழுக்கப் பயன்படுகிற சிவப்பு ஒளிர்புரதம் அப்படி ஒரு தொட்டி உயிரிலிருந்து வந்தது.

விலங்கு ஏன் இவ்வளவு பாடுபட்டு நிறம் செய்கிறது? எங்களுக்காக இல்லை. ஆழமில்லாத இடத்தில் வெளிச்சம் பாசிக்குத் தேவைக்கு மேல் விழுகிறது, மேலதிக வெளிச்சம் பாசியைக் கெடுக்கும், கெட்ட பாசி விலங்குக்கு நஞ்சு. ஆகவே நிறப்புரதம் ஒரு நிழல் பந்தல். 2008இல் வீடன்மன் குழு காட்டியது இதுதான்: நீல வெளிச்சம் கூடக்கூட விலங்கு இந்தப் புரதங்களைக் கூடுதலாகச் செய்கிறது. வளர்கிற நுனியில் பாசி இன்னும் வந்து சேரவில்லை, வெள்ளை எலும்பில் பட்ட வெளிச்சம் உள்ளேயே துள்ளுகிறது, அங்கேதான் பந்தல் அதிகம் தேவை. நுனி ஊதாவாகவும் அடி மண்ணிறமாகவும் இருப்பதற்குக் காரணம் அது.

இதில் ஒரு கசப்பான செய்தியும் உண்டு. எல்லா முருகைக்கும் பந்தல் போட முடியாது. ஒரே அக்ரோபோரா மில்லிபோரா இனத்தில் ஒன்று செக்கச் சிவப்பாகவும் பக்கத்தில் இருப்பது வெறும் மண்ணிறமாகவும் இருக்கும். அந்தப் புரதத்துக்கான மரபணுவின் எத்தனை பிரதிகள் வேலை செய்கின்றன என்பதைப் பொறுத்தது அது என்று 2015இல் அதே குழு சொன்னது. பிறப்பிலேயே இல்லாத சிவப்பை எந்த விளக்காலும் வரவைக்க முடியாது. ‘நிறம் கூட்டும்’ என்று போத்தலில் எழுதி விற்பவற்றை வாங்குவதற்கு முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தப் படங்கள். இணையத்தில் நீங்கள் பார்க்கிற நெருப்பு நிற முருகைகளில் பெரும்பாலானவை, வெள்ளை வெளிச்சத்தை அணைத்து 450 நானோமீற்றர் அளவில் இருக்கிற ஆழ்நீல விளக்கை மட்டும் எரியவிட்டு, கமராவின் முன் ஒரு செம்மஞ்சள் கண்ணாடியைப் பிடித்து எடுத்தவை. நீலத்தை அந்தக் கண்ணாடி வடிகட்டிவிடும், ஒளிர்வு மட்டும் மிஞ்சும். பொய் என்று சொல்ல மாட்டேன், அந்த ஒளிர்வு உண்மையானதுதான். ஆனால் வீட்டில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறபோது வேறு ஒன்றுதான் தெரியும். ‘வால்ட் டிஸ்னி’, ‘ஹோம்ரெக்கர்’ என்றெல்லாம் பட்டப்பெயர் வைத்து, விரல்நுனி அளவுத் துண்டை நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்பதும் இந்த விளக்கின் கீழ்தான் நடக்கிறது. இரண்டுமே அக்ரோபோரா ரெனூயிஸ் என்கிற ஒரே இனம். நான் இப்போது கடைக்குப் போனால் முதலில் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுவேன். போட மாட்டேன் என்கிற கடையில் வாங்குவதில்லை.

இன்னும் ஒன்று, இது பலருக்குத் தெரியாது: முருகை மிக அழகாக இருக்கிற நேரம் அது சாகப்போகிற நேரமாகவும் இருக்கலாம். கடல் சூடேறிப் பாசிகள் வெளியேறும்போது சில முருகைகள் வெள்ளையாகாமல் மின்விளக்கு மாதிரி ரோசாவும் மஞ்சளும் நீலமுமாகப் பளபளக்கும். பாசி குறைந்ததும் எலும்பிலிருந்து துள்ளுகிற நீல வெளிச்சம் கூடுகிறது, விலங்கு அவசரமாகப் பந்தல் போடுகிறது, அதுதான் அந்த நிறம் என்று 2020இல் சவுத்தாம்ப்டன்காரர்கள் விளக்கினார்கள். விமானமேறி, பெட்டிக்குள் இருந்து, கடைத் தொட்டிக்கு வந்து நாலு நாளான துண்டு ஏன் அப்படி ஜொலிக்கிறது என்பதற்கும் சில சமயம் இதே பதில்தான்.

சரி, கணக்கு இப்படி: பாசி கூடினால் மண்ணிறம், பாசி குறைந்தால் நிறம், பாசி இல்லாமலே போனால் சாவு. பாசியின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தண்ணீரில் இருக்கிற நைட்ரேட்டும் பொஸ்பேட்டும், அதாவது நாம் மீனுக்குப் போடுகிற சாப்பாட்டின் மிச்சம். இதைத் தெரிந்துகொண்ட ஆட்கள் 2000களில் என்ன செய்தார்கள் தெரியுமா, தொட்டியைப் பட்டினி போட்டார்கள். சத்தை உறிஞ்ச ஜியோலைட் கல், பக்ரீரியா, பக்ரீரியாவுக்குச் சாப்பாடாகச் சாராயம் அல்லது வினாகிரி என்று ஒரு முழு மருத்துவமே கிளம்பியது. நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் அளவியில் தெரியாத அளவுக்கு இறங்கின, முருகைகள் இனிப்புக்கடைத் தட்டு மாதிரி மென்னிறத்துக்கு வந்தன. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது கத்திமுனையில் நிற்கிற அழகு; ஒரு நாள் வெப்பம் ஏறினாலோ காரத்தன்மை ஆடினாலோ அடியிலிருந்து சதை உரிந்து வரும். 2013இல் வந்த இன்னொரு வீடன்மன் ஆய்வு, நைட்ரேட் இருக்கப் பொஸ்பேட் மட்டும் பற்றாமல் போனால் முருகை வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் எளிதாக வெளிறிவிடுகிறது என்று காட்டிய பிறகுதான் பலருக்குக் கண் திறந்தது.

எனக்கு அந்த ஆய்வால் திறக்கவில்லை, சொந்தச் செலவில்தான் திறந்தது. மூன்றாவது வருடம், பொஸ்பேட் லீற்றருக்கு 0.15 மில்லிகிராம் என்று காட்டியதும் பயந்துபோய் இரும்பு ஒக்சைட்டுத் துகள்களைப் போட்டு இரண்டு கிழமையில் பூச்சியத்துக்கு இறக்கினேன். முதல் கிழமை அருமையான நிறம், படம் எடுத்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினேன். நாலாவது கிழமை மணல் முழுக்கச் சளி மாதிரி மண்ணிறத்தில் ஒன்று நூல் நூலாகக் குமிழியோடு படர்ந்தது. போட்டியாளர் எல்லோரும் பட்டினியில் செத்த தொட்டியில் வளர்கிற டைனோஃபிளஜெலேற் என்கிற ஒற்றை உயிரணு உயிரி அது, விரட்ட மூன்று மாதம் ஆனது. அதற்குள் ஆறு அக்ரோபோராவில் நாலு போயிற்று. இப்போது நைட்ரேட் 5 முதல் 10 வரை, பொஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை விட்டுவைத்திருக்கிறேன், மீனுக்கு வயிறு நிறையப் போடுகிறேன், ஸ்கிம்மர் அழுக்கை நுரையாக இழுத்துக்கொள்கிறது. நிறம் முந்தி மாதிரி மென்மையாக இல்லை, கொஞ்சம் கறுத்து அழுத்தமாக இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

நிறத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும் தொட்டிக்காரரின் நாள் முழுக்கப் போவது எலும்பில். கல் முருகை என்றால் ஓயாமல் கல் கட்டுகிற விலங்கு. கல்லுக்குத் தேவை கல்சியமும் கார்பனேட்டும். கடல்நீரில் கல்சியம் லீற்றருக்கு 420 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, மக்னீசியம் 1300 அளவில், காரத்தன்மை 7 டி.கே.எச். சுற்றி (அந்த அளவே ஜேர்மன் பாகையில்தான் சொல்லப்படுகிறது, ஊர் மாறினாலும் அலகு மாறவில்லை). கடலுக்கு இது வற்றாத களஞ்சியம், 250 லீற்றருக்கு அப்படியில்லை. என் தொட்டி ஒரு நாளைக்கு 1 டி.கே.எச். குடிக்கிறது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ நாலரைக் கிராம் சுண்ணாம்புக்கல் உருவாகிறது என்று கணக்கு வரும். வருடத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கூடத்து மூலையில் சத்தமில்லாமல் ஒரு மதில் எழும்பிக்கொண்டிருக்கிறது, அதற்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற கூலியாள் நான்.

சாமான் கொடுக்கிற வழிகளின் வரலாறு அநேகமாக ஜேர்மனியின் வரலாறு. அதற்கு முந்திய ஒரு பெயரையும் சொல்ல வேண்டும்: ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1961இலேயே, கடலிலிருந்து எடுத்த, சிற்றுயிர்கள் குடியிருக்கிற உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியும் வெயிலும் மட்டும் வைத்து வீட்டில் முருகை வளர்த்ததை எழுதினார், கடல் பக்கத்தில் இருந்ததால் அவருக்குக் கைகூடியது, ஐரோப்பாவில் அதே வழியை முயன்ற பலருக்குக் கைகூடவில்லை. பிறகு பீற்றர் வில்கென்ஸ் சுண்ணாம்புத் தண்ணீரை அறிமுகப்படுத்தினார். ஆமாம், நம்மட சுண்ணாம்புதான். வெற்றிலைக்குத் தடவுகிற நீற்றின சுண்ணாம்பை ஓஸ்மோசிஸ் (சவ்வால் வடித்த) தண்ணீரில் கலக்கி, அடையவிட்டு, மேலே தெளிந்ததை எடுப்பது. ஒரு லீற்றரில் ஒன்றரைக் கிராம் சொச்சந்தான் கரையும், பி.எச். 12ஐத் தாண்டும். தொட்டியில் ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக அதைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கல்சியமும் காரத்தன்மையும் ஒன்றாக, சரியான விகிதத்தில் போய்ச் சேரும். என் தொட்டியில் நாளைக்கு 3 லீற்றர் ஆவியாகிறது. அதை முழுக்கத் தெளிநீராக விட்டால் 1.4 டி.கே.எச். கிடைக்கும், ஆக கணக்குப்படி என் தேவைக்கு அதுவே போதும். குளிர்காலத்தில் யன்னல் எல்லாம் பூட்டியிருக்கும், ஆட்கள் விடுகிற மூச்சு அறையில் தேங்கித் தண்ணீரின் பி.எச். 7.8க்கு இறங்கும், அதையும் இந்தத் தெளிநீர் தூக்கி நிறுத்துகிறது. அம்மாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது ‘மீனுக்கு வெத்திலை போட்டுப் பழக்கிறியோ’ என்றா.

தொட்டி நிரம்பி முருகைகள் பெருத்தால் சுண்ணாம்பு காணாது. பேர்லின்காரர் டீட்ரிச் ஸ்டியூபரும் அவர் கூட்டாளிகளும் 1980களில் உயிர்ப்பாறை, நுரைத்து வடிக்கிற ஸ்கிம்மர், பலமான விளக்கு என்று ஒரு முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள், பேர்லின் முறை என்று இன்றும் பெயர். டுசெல்டோர்ஃபில் லொபெக்கே அருங்காட்சியகத்தின் றொல்ஃப் ஹெபிங்ஹவுஸ், முருகை எலும்புத் துண்டுகளை ஒரு குழாயில் அடைத்துக் கரியமில வாயு விட்டுக் கரைத்து, அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு விடுகிற கல்சியம் றியாக்டரைக் கொண்டுவந்தார். செத்த முருகையைக் கரைத்து உயிருள்ள முருகைக்கு ஊட்டுவது, கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தும். ஹான்ஸ்-வெர்னர் பாலிங் 1990களில் எழுதிய மூன்றாவது வழிதான் இன்று பெரும்பாலான வீடுகளில்: ஒரு கானில் கல்சியம் குளோரைட்டு, இன்னொன்றில் சோடியம் பைகார்பனேட், மூன்றாவதில் சாப்பாட்டு உப்பு (சோடியம் குளோரைட்டு) மட்டும் இல்லாத கடலுப்புக் கலவை; சின்னப் பம்புகள் மணிக்கு மணி சில மில்லிலீற்றர் விடும். சோடியம் பைகார்பனேட் வேறொன்றுமில்லை, அப்பச் சோடா. 250 லீற்றரில் 1 டி.கே.எச். ஏற்ற ஏழரைக் கிராம் போதும். கடையில் ஒரு யூரோவுக்குக் கிடைப்பதைப் பெயர் மாற்றிப் பத்து மடங்கு விலைக்கு விற்பதும் உண்டு, அது உங்கள் காசு.

எந்த வழி என்பது பெரிய விசயமில்லை, ஆடாமல் இருப்பதுதான் விசயம். காரத்தன்மை 7.5இல் இருக்கிற தொட்டியும் நன்றாக இருக்கும், 9இல் இருக்கிற தொட்டியும் நன்றாக இருக்கும், திங்களில் 7.5 வெள்ளியில் 9 என்கிற தொட்டியில் அக்ரோபோரா நிலைக்காது. நான் பாரிஸில் ஒரு கல்யாணத்துக்குப் போன வார இறுதியில் அப்பச் சோடாப் பம்ப் நிற்காமல் ஓடி 7.5 இருந்தது 11 ஆனது. வந்து பார்த்தபோது தண்ணீர் தெளிவு, மீன் சந்தோசம், முருகை நிறம் எல்லாம் சரி. மூன்றாம் நாள் நுனிகள் எரிந்த மாதிரி வெளுத்தன, ஐந்தாம் நாள் என் பழைய பச்சை அக்ரோபோரா அடியிலிருந்து மேலே உரிந்தது, காலையில் பாதி, வேலை முடிந்து வரும்போது முழுசு. கல்யாண வீட்டில் நான் தொட்டியைப் பற்றித்தான் பீற்றிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது கானில் ஒரு நேரத்துக்கு இரண்டு நாள் அளவுக்கு மேல் வைப்பதில்லை, முழுசும் கொட்டினாலும் தொட்டி தாங்கும்.

வெளிச்சமும் நீரோட்டமும் பற்றி நீட்டத் தேவையில்லை. அக்ரோபோராவுக்கு மேல்தட்டில் 250 முதல் 350 பார் (பாசி பயன்படுத்தக்கூடிய வெளிச்சத்தின் அளவு) வரை போதும், அளவு தெரியாமல் விளக்கை நூறு வீதத்தில் எரிப்பதைவிட பார் மீற்றரை வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் அளந்தால் போதும். புதுத் துண்டை முதலில் கீழே வைத்து ஒரு மாதத்தில் மெல்ல மேலே ஏற்றுங்கள், பந்தல் போட அதற்கு நேரம் வேண்டும். தண்ணீர் மணிக்கு முப்பது நாற்பது தடவையாவது தொட்டியைச் சுற்ற வேண்டும், ஒரே திசையில் அடிக்காமல் மாறி மாறி. தேங்கின இடத்தில் இருக்கிற முருகை மூச்சுமுட்டும்.

பூச்சியைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. அக்ரோபோராவைத் தின்கிற ஒரு தட்டைப்புழு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தாலும் முருகையின் சதை மாதிரியே இருக்கும். நிறம் மங்கி, உடலில் வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள் விழுந்தால் அதுவாக இருக்கலாம். மருந்துத் தண்ணீரில் முக்கினால் புழு உதிரும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதனால் புதுத் துண்டு வந்தால் அடிக்கட்டையை வெட்டி எறிந்துவிட்டு, வேறு தொட்டியில் சில கிழமை வைத்து, திரும்பத் திரும்ப முக்கி எடுத்துத்தான் சேர்க்க வேண்டும். நிறம் போனதும் பொஸ்பேட்டையும் விளக்கையும் நோண்டுகிறவர்கள் அடிக்கட்டையைக் கவிழ்த்து ஒரு பூதக்கண்ணாடியால் பார்ப்பதில்லை.

இந்த முருகைகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பீர்கள். கல் முருகைகள் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, நாடு விட்டு நாடு போக அனுமதித் தாள் வேண்டும். இந்தோனேசியாதான் பெரிய ஏற்றுமதி நாடு, 2018இல் அது ஏற்றுமதியை நிறுத்தியபோது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் ஆடிப்போயின. நல்ல பக்கம் என்னவென்றால் முருகையை வெட்டி நடலாம், முருங்கைத் தடி மாதிரி. எலும்பு வெட்டுகிற கத்தரியால் ஒரு நுனியை நறுக்கி, சூப்பர் குளூவால் கல்லில் ஒட்டினால் சில கிழமையில் அடி படர்ந்து பிடித்துக்கொள்ளும். ஸ்டியூபர் தன் தொட்டியில் வளர்ந்த ஒரு அக்ரோபோராவை அப்படி வெட்டி வெட்டிக் கொடுத்தார், அது கைமாறிக் கைமாறி ஐரோப்பா முழுக்கப் பரவியது, இன்றும் அவர் பெயரிலேயே கேட்டு வாங்குகிறார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. அழகு என்று சொல்ல முடியாது, மண்ணிறமும் கொஞ்சம் பச்சையும். நான் செய்த எல்லாப் பிழைகளையும் தாங்கியது அது ஒன்றுதான். வெட்டாமல் இனப்பெருக்கமே செய்ய வைக்கலாம் என்பதையும் இலண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிரெக்ஸ் 2013இல் காட்டினார். நிலவின் வளர்பிறை தேய்பிறையையும் கடலின் பருவ வெப்பத்தையும் தொட்டியில் அப்படியே நடித்துக் காட்டி, அக்ரோபோராவைச் சொன்ன நேரத்தில் முட்டையிட வைத்தார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு: செய்யாதீர்கள். இந்தியாவில் கல் முருகைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு என்ன சட்டமோ அதே. மன்னார் வளைகுடாவில் இருந்து கையளவுத் துண்டு எடுத்தாலும் குற்றம். இலங்கையிலும் கடலில் இருந்து முருகை எடுக்கக் கூடாது. ஒரு காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலும் எங்கள் தென்மேற்குக் கரையிலும் சுண்ணாம்புக்காகத் தோண்டியே பாறைகளைத் தீர்த்தார்கள், மிஞ்சியதைக் கடல் வெப்பம் பார்த்துக்கொள்கிறது. உப்புத்தண்ணீர்த் தொட்டிதான் ஆசை என்றால் மீனோடு நிறுத்துங்கள்.

முருகையைப் பார்க்க ஆசை என்றால் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் இருந்து படகெடுத்துப் புறாத்தீவுக்குப் போகலாம். நான் கடைசியாகப் போனபோது சித்தப்பாவின் மகனையும் கூட்டிப் போனேன், என் தொட்டியின் படங்களைத் தொலைபேசியில் பார்த்து வளர்ந்த பொடியன். தண்ணீருக்குள் தலையை விட்டோம். கிளை கிளையாக அக்ரோபோரா, ஒரு பக்கம் செத்துப் பாசி படிந்த எலும்பு, மறு பக்கம் உயிரோடு, சின்ன நீல மீன்கள் கிளைக்குள் போவதும் வருவதுமாக. உயிரோடு இருந்தது அத்தனையும் தேத்தண்ணி நிறம். நுனியில் மட்டும் லேசாக ஊதா, அதுவும் உற்றுப் பார்த்தால்தான். தலையைத் தூக்கினான். ‘அண்ணை, உங்கட வீட்டில இருக்கிற சாமானோ இது? நிறமே காணேல்லை.’

அதே சாமான்தான். என் தொட்டியில் இந்த நிறத்தில் இருந்திருந்தால் நான் அரைவிலைக்குக் கொடுத்திருப்பேன்.